ஊரே எரியும்போது பூ வரையலாமா? முதல் உலகப்போர் காலத்து மூன்று பேர் சொல்லும் பதில்

அன்று எனக்கு நைட் ஷிஃப்ட். ஒரு விபத்துச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. இரவு 11 மணிக்குப் பலி எண்ணிக்கை 9. நள்ளிரவில் 12. விடிவதற்குள் அந்தத் தலைப்பை ஏழு முறை மாற்றியிருந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது புரியும். அந்த நேரத்தில் எண் வெறும் எண்தான். 'உயர்வு' என்று போடுவதா, 'அதிகரிப்பு' என்று போடுவதா என்பதில்தான் கவனம் இருக்கும். இறந்தவர்கள் யார் என்று யோசிக்க நேரம் இருக்காது.

காலை ஆறரைக்கு வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். எதிரே கேபிள் வயரில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. காப்பிக்கொட்டை நிறத் தலை, வெள்ளை மார்பு, சிவப்பு அலகு. திரும்பி உட்கார்ந்தபோது முதுகு முழுக்க நீலம். அந்தத் தெருவில் குளமும் கிடையாது, குட்டையும் கிடையாது. இது இங்கே என்ன பண்ணுது என்று பார்த்துக்கொண்டே நின்றதில் டீ ஆறிப்போச்சு. பையில் இருந்த ஷிஃப்ட் ரோஸ்டர் தாளின் பின்பக்கத்தில் அதை வரைந்தேன். எனக்கு வரையத் தெரியாது. அலகு கத்தரிக்கோல் மாதிரி வந்தது. பரவாயில்லை என்று போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு நண்பரின் பதில் வந்தது: "இன்னைக்கு இதுவா முக்கியம்?"

ஸ்டேட்டஸை அழித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வாரம் கூடவே இருந்தது. நியாயமான கேள்விதானே? சுற்றிலும் போர், வெள்ளம், விபத்து, விலைவாசி என்று இருக்கும்போது ஒருவர் பறவையைப் பார்த்து வியந்து படம் வரைவது சரியா? அது மனதைத் தேற்றிக்கொள்வதா, இல்லை மற்றவர்களின் துயரத்துக்கு முதுகைக் காட்டுவதா?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே பலர் தங்களையே கேட்டிருக்கிறார்கள். அதில் மூன்று பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூவரும் ஒரே காலத்தவர்கள். ஒரே போரை மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்தவர்கள். ஒருவர் பிரான்ஸில் ஓர் ஓவியர், ஒருவர் ஜெர்மனியில் ஒரு கைதி, இன்னொருவர் புதுச்சேரியில் ஒரு கவிஞர்.

முதலில், அது என்ன காலம்?

1914 ஜூலை இறுதியில் முதல் உலகப்போர் தொடங்கியது. 1918 நவம்பர் 11 அன்று ஓய்ந்தது. நான்கு ஆண்டுகளில் பல லட்சம் வீரர்கள் பதுங்குகுழிகளில் மடிந்தார்கள். விஷவாயு, டாங்கி, விமானத் தாக்குதல் எல்லாம் பெரிய அளவில் மனிதர்கள் மீது பயன்படுத்தப்பட்டது இந்தப் போரில்தான்.

எங்கோ ஐரோப்பாவில் நடந்த சண்டை என்று நாமும் ஒதுங்கி இருக்க முடியவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் 'எம்டன்' கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. பயந்துபோன மக்கள் நகரத்தைவிட்டுக் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். "அவன் சரியான எம்டன்டா" என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் அந்த இரவு நமக்குக் கொடுத்ததுதான்.

அந்தக் காலத்தில் செல்போன் இல்லை, நோட்டிஃபிகேஷன் இல்லை. ஆனால் செய்தித்தாளில் வரும் மரணப் பட்டியலும், வீட்டு வாசலுக்கு வரும் தந்தியும் இருந்தன. அந்தச் சூழலில்தான் இந்த மூவரும் பூவையும் பறவையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோனே: வெட்கப்பட்டுக்கொண்டே வரைந்தவர்

குளோட் மோனே பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவருடைய அல்லிக்குளத்து ஓவியங்களை எங்காவது காலண்டரிலோ காபி மக்கிலோ பார்த்திருப்பார்கள். பாரிஸிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில் ஜிவேர்னி என்று ஒரு கிராமம். அங்கே தன் தோட்டத்தில் அவரே ஒரு குளம் வெட்டி, அல்லி வளர்த்து, அதையே வருடக்கணக்காக வரைந்தார்.

போர் தொடங்கியபோது அவருக்கு 73 வயது. சொந்த வாழ்க்கையும் அப்போது நொறுங்கித்தான் கிடந்தது. 1911இல் மனைவி ஆலிஸ் இறந்தார். 1912இல் கண்ணில் புரை இருப்பது தெரிந்தது. ஓவியருக்குக் கண் போனால் என்ன மிச்சம்? 1914 பிப்ரவரியில் மூத்த மகன் ழான் இறந்தார். அடுத்து வந்த போரில் இளைய மகன் மிஷெல் ராணுவத்துக்குப் போனார்.

ஜெர்மன் படை பாரிஸை நோக்கி வந்தபோது கிராமத்தில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினார்கள். மோனே கிளம்பவில்லை. கொல்வதாக இருந்தால் என் ஓவியங்களுக்கு நடுவில் வைத்துக் கொல்லட்டும் என்ற பொருளில் ஒரு நண்பருக்கு எழுதினார். வீரவசனம் மாதிரி இருக்கிறதா? அதே ஆண்டு டிசம்பரில் எழுதிய இன்னொரு கடிதத்தில் வேறொரு மோனே தெரிகிறார். மறுபடியும் வேலையைத் தொடங்கிவிட்டேன், இந்தச் சோகமான நாட்களை நினைக்காமல் இருக்க அதுதான் வழி என்கிறார். கூடவே, இத்தனை பேர் துன்பப்பட்டுச் செத்துக்கொண்டிருக்கும்போது வடிவம், வண்ணம் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பது வெட்கமாக இருக்கிறது என்றும் ஒப்புக்கொள்கிறார்.

என் நண்பர் கேட்ட கேள்வியை மோனே தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குற்றவுணர்ச்சி அவருக்கும் இருந்திருக்கிறது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வெட்கப்பட்டாலும் அவர் நிறுத்தவில்லை. நிறுத்தாதது மட்டுமல்ல, அதுவரை வரைந்ததைவிடப் பெரிதாக வரையத் தொடங்கினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பெரிய திரைச்சீலைகளை நிறுத்தி வைக்கும் அளவுக்கு ஒரு புதிய ஸ்டூடியோ கட்டினார். இரண்டு மீட்டர் உயரத்தில், சுவர் முழுக்க நீரும் அல்லியும் மேக நிழலும் வருகிற மாதிரி ஓவியங்கள். கரையும் கிடையாது, அடிவானமும் கிடையாது. பார்ப்பவர் தண்ணீருக்குள்ளேயே நிற்பதுபோல இருக்கும். போரின் கடைசி ஆண்டில் அழுகிற வில்லோ மரங்களை ஒரு வரிசையாக வரைந்தார். கிளைகள் தலைவிரித்துத் தொங்கும் மரம் அது. அந்த ஊர்களில் துக்கத்துக்கு அடையாளம். அவற்றில் வண்ணங்கள் கனத்து, இருண்டு கிடக்கின்றன.

போர் ஓய்ந்த மறுநாள், 1918 நவம்பர் 12 அன்று, அவர் பிரான்ஸின் பிரதமர் கிளெமென்சோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். இருவரும் நெடுநாள் நண்பர்கள். இரண்டு ஓவியங்களை முடிக்கப் போகிறேன், வெற்றி நாளின் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், நாட்டுக்குக் கொடுக்கிறேன், வெற்றியில் பங்கெடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான் என்பது அதன் சாரம்.

இரண்டு என்று ஆரம்பித்த நன்கொடை பின்னால் வளர்ந்தது. இன்று பாரிஸின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்ட அறைகளில் எட்டு பெரும் ஓவியங்களாக இருக்கிறது. மொத்தமாகச் சேர்த்தால் 90 மீட்டருக்கும் மேல் நீளம். 1926 டிசம்பரில் மோனே இறந்தார். அறைகள் திறக்கப்பட்டது 1927 மே மாதம். தன் ஓவியங்கள் அங்கே மாட்டப்பட்டதை அவர் பார்க்கவே இல்லை.

ரோசா: சிறையில் செடி சேகரித்தவர்

"மோனே பணக்காரர். தோட்டக்காரர்களை வைத்துக் குளத்தைப் பராமரித்தவர். அவருக்கு என்ன, வரைவார்" என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அப்படியானால் எல்லைக்கு அந்தப் பக்கம் போவோம்.

ரோசா லக்சம்பர்க். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்ற சோஷலிசத் தலைவர். ஜெர்மனி போருக்குப் போகக் கூடாது என்று மேடை போட்டுப் பேசியவர். அதற்காகவே 1915 பிப்ரவரியில் சிறை வைக்கப்பட்டார். ஓராண்டு கழித்து வெளியே வந்தவரை 1916 ஜூலையில் மறுபடியும் பிடித்தார்கள். இந்த முறை விசாரணை இல்லாத 'பாதுகாப்புக் காவல்'. பெர்லின், வ்ரோங்கே, பிரெஸ்லாவ் என்று சிறை மாறிக்கொண்டே இருந்தது. போர் முடியும் வரை விடவில்லை.

இந்தக் கடுமையான அரசியல்வாதிக்கு ஒரு பழக்கம் இருந்தது. 1913இலிருந்து அவர் செடிகளைச் சேகரித்து வந்தார். இலையையும் பூவையும் அழுத்தி உலர்த்தி, நோட்டில் ஒட்டி, பக்கத்தில் பெயர், இடம், தேதி எல்லாம் தன் கையெழுத்தில் எழுதி வைப்பார். பள்ளியில் நாம் தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் செய்தோமே, 'ஹெர்பேரியம்', அதேதான். சிறைக்குள் போனபிறகும் இது நிற்கவில்லை. நண்பர்கள் கொண்டுவந்து தரும் பூக்கள், சிறை முற்றத்தில் கல்லிடுக்கில் முளைத்த களைகள் என எது கிடைத்தாலும் நோட்டுக்குள் போனது. அந்த நோட்டுகள் இன்றும் வார்சாவில் ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

பறவைகளும் அப்படித்தான். டிட் என்று சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை. அதன் குரலை அப்படியே எழுப்பிக் கூப்பிடுவாராம், அது பறந்து வருமாம். என் கல்லறையில் வேறு எதுவும் எழுத வேண்டாம், அந்தக் குருவியின் குரலை மட்டும் இரண்டு அசையாக எழுதினால் போதும் என்று 1917இல் தன் செயலாளராக இருந்த தோழிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

அவருக்கும் அந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது. அதே 1917 மே மாதம் இன்னொரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், கட்சி மாநாட்டில் இருப்பதைவிடத் தோட்டத்தில் வண்டுகளுக்கு நடுவில் இருப்பதுதான் எனக்குச் சொந்த வீடு மாதிரி இருக்கிறது என்கிறார். உடனே, உன்னிடம் இதைச் சொல்லலாம், கொள்கைக்குத் துரோகம் செய்வதாக நீ நினைக்க மாட்டாய் என்றும் சேர்த்துக்கொள்கிறார். தெருச் சண்டையிலோ சிறையிலோ என் பணியில் இருந்தபடியேதான் சாவேன் என்று நம்புகிறேன் என்றும் எழுதுகிறார்.

இனி வருவதுதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்த இடம். 1917 டிசம்பர், பிரெஸ்லாவ் சிறை. போர்முனையிலிருந்து ரத்தக்கறை படிந்த சட்டைகளும் சீருடைகளும் மூட்டை மூட்டையாக வண்டியில் வரும். கைதிப் பெண்கள் அவற்றைத் தைத்துச் சரிசெய்து கொடுக்க வேண்டும். ஒருநாள் வண்டியை இழுத்து வந்தவை எருமைகள். ருமேனியாவில் கைப்பற்றிக் கொண்டுவரப்பட்டவை. பாரம் தாங்காமல் வாசற்படியில் அவை தடுமாற, கூட வந்த சிப்பாய் சாட்டையின் தடித்த முனையால் அடிக்கிறான். எருமைத் தோல் எவ்வளவு கெட்டி என்று நமக்குத் தெரியும். அந்தத் தோல் கிழிந்து ரத்தம் வருகிறது. பாவமாக இல்லையா என்று காவல்காரப் பெண் கேட்க, எங்கள் மேல் யார் பாவப்பட்டார்கள் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். வண்டியிலிருந்து மூட்டை இறக்கும் வரை அந்த மிருகம் அடிவாங்கிய குழந்தை மாதிரி முன்னால் வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றதாக ரோசா எழுதுகிறார். தனக்கும் கண்ணீர் வந்தது என்கிறார்.

அந்த முற்றத்தில் அன்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். எருமையின் கண்ணை அந்த அளவுக்கு உற்றுப் பார்த்து எழுதி வைத்தவர், தினமும் குருவியையும் களைச்செடியையும் பார்த்துப் பழகியவர்தான்.

பாரதி: வேவுக்காரர்களுக்கு நடுவே குயில்

இப்போது நம்ம ஊர். 1908இல் ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி வந்தார் சுப்பிரமணிய பாரதி. அது பிரெஞ்சு ஆட்சிப் பகுதி. மோனேவின் பிரான்ஸ் ஆண்ட ஊர்தான். அங்கே பத்து ஆண்டுகள் இருந்தார். போர்க்காலம் முழுவதும் அங்கேதான்.

அடைக்கலம் என்ற சொல்லைக் கேட்டால் பாதுகாப்பாக இருந்தார் என்று தோன்றும். அப்படி இல்லை. தெருவில் ஒற்றர்கள். வரும் கடிதங்கள் ஒழுங்காகக் கைக்கு வராது. அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகை ஆங்கிலேய இந்தியாவுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டு, 1910இல் நின்றே போனது. வருமானம் இல்லை. கடன் வாங்கி வந்த அரிசியைக் குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டு மகிழ்ந்துகொண்டிருந்த கதை அவர் குடும்பத்தார் நினைவுகளிலிருந்து நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நாம் அதைக் கேட்டுச் சிரிப்போம். அன்று மதியம் உலை வைக்க வேண்டிய செல்லம்மாவின் பக்கத்திலிருந்து யோசித்தால் அவ்வளவு சிரிப்பு வராது. வியப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பத்து ஆண்டுகளில்தான் 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்', 'குயில் பாட்டு' மூன்றும் எழுதப்பட்டன. முத்தியால்பேட்டைப் பக்கம் ஒரு மாந்தோப்பு. பாரதி அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பின்னாளில் அதற்குக் 'குயில் தோப்பு' என்றே பெயர் ஆனது. ஒரு மாஞ்சோலையில் குயில் பாடுவதைக் கேட்டு ஒருவன் சொக்கிப்போவதில்தான் 'குயில் பாட்டு' தொடங்குகிறது. அந்தக் குயில் பின்னால் அவனைப் படுத்தும் பாடு தனிக்கதை. கடைசியில், தன் அறையில் புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவே அவன் விழித்துக்கொள்கிறான். எல்லாம் பகற்கனவு. கனவிலிருந்து விழித்தால் பக்கத்தில் செய்தித்தாள் கிடக்கிறது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு நன்றாகவே புரியும்.

அவருடைய வசன கவிதையில் இன்னொரு இடம் உண்டு. பந்தலில் இரண்டு கயிற்றுத் துண்டுகள் தொங்குகின்றன. காற்றில் ஆடுகின்றன. ஒன்றுக்குக் கந்தன் என்றும் இன்னொன்றுக்கு வள்ளியம்மை என்றும் பெயர் வைத்து, அவற்றைப் பேச வைத்து, காற்றைப் பற்றி எழுதுகிறார். இமயமலை வேண்டாம், நயாகரா வேண்டாம். ரெண்டு துண்டுக் கயிறு போதும்.

இதைப் படித்துவிட்டு, "உலகம் எரியுது, இவர் கயிற்றோடு பேசிக்கொண்டிருக்கிறார்" என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், அது அவரைப் பாதிதான் பார்த்ததாக ஆகும். ஜெர்மன் படையை எதிர்த்து நின்று வீழ்ந்த பெல்ஜியத்துக்கு வாழ்த்துப் பாடியவர் அவர். ஜார் ஆட்சி கவிழ்ந்தபோது புதிய ருஷ்யாவைப் பாடியவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட நம் பெண்களுக்காக அழுது எழுதியவரும் அவரே. பிஜி எவ்வளவு தூரம்! அந்த அழுகை புதுச்சேரியில் இருந்த ஒருவர் காதில் விழுந்திருக்கிறது. குயில் கேட்ட அதே காதில்.

அப்போ, இது தப்பித்தல் இல்லையா?

சில சமயம் தப்பித்தல்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. சோக நாட்களை நினைக்காமல் இருக்கத்தான் வேலை செய்கிறேன் என்று மோனேவே சொல்கிறாரே. மூச்சுத் திணறும்போது ஜன்னலைத் திறப்பதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இந்த மூவரிடமும் பொதுவாக ஒன்று இருக்கிறது. பூவைப் பார்த்ததால் அவர்களுக்குப் போர் தெரியாமல் போகவில்லை. மோனே வில்லோ மரத்தில் துக்கத்தை வரைந்தார். ரோசா எருமையின் கண்ணைப் பார்த்தார். பாரதிக்குப் பிஜி கேட்டது. வியப்பதற்கும் இரங்குவதற்கும் வேண்டிய திறமை ஒன்றுதான்: ஒன்றின் முன்னால் நின்று, அவசரமில்லாமல், அது என்ன என்று பார்ப்பது.

என் நைட் ஷிஃப்டை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அன்று இரவு முழுக்க நான் துயரத்தைத்தான் 'பார்த்துக்கொண்டிருந்தேன்'. ஏழு முறை தலைப்பு மாற்றினேன். ஆனால் ஒரு முகமும் எனக்குள் போகவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை போனில் கெட்ட செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களுக்கும் இதுதான் நடக்கிறது. நிறையப் பார்க்கிறோம், எதையும் உற்றுப் பார்ப்பதில்லை. பத்தாவது வீடியோவுக்குள் மனசு மரத்துப்போகிறது. அந்தக் காலையில் மீன்கொத்தியை வரைய மூன்று நிமிஷம் நின்றபோதுதான், இரவு எழுதிய பட்டியலில் ஒரு ஒன்பது வயதுப் பையன் இருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நான் அதை டைப் செய்திருந்தேன். அப்போது உறைக்கவில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

வியப்பு என்றால் என்ன என்று உளவியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2003இல் டேக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் இருவரும் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் முக்கியமானது. அவர்கள் சொல்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, நம்மைவிடப் பெரிதான ஏதோ ஒன்றின் முன் நிற்கிறோம். இரண்டு, நம் மனதில் ஏற்கெனவே இருக்கும் அளவுகோலுக்குள் அது அடங்கவில்லை, அளவுகோலையே மாற்ற வேண்டியிருக்கிறது. 'பெரிது' என்றால் மலை மாதிரிதான் இருக்க வேண்டும் என்பதில்லை. குளமே இல்லாத தெருவில் ஒரு மீன்கொத்தியும் அந்த வேலையைச் செய்யும்.

2020இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு வெளியானது. 60 வயது தாண்டிய 52 பேர். எட்டு வாரம், வாரம் ஒருமுறை 15 நிமிட நடை. பாதிப் பேரிடம், போகும் வழியில் எதையாவது புதிதாக, வியப்போடு பாருங்கள் என்று சொன்னார்கள். மற்றவர்களிடம் நடக்க மட்டும் சொன்னார்கள். நடக்கும்போது எல்லோரும் செல்ஃபி எடுத்து அனுப்ப வேண்டும். வியந்து நடந்தவர்களின் செல்ஃபிகளில் வாரம் போகப் போக அவர்கள் உருவம் சிறிதாகிக்கொண்டே வந்தது. மரமும் வானமும் சட்டகத்தில் அதிக இடம் பிடித்தன. மற்றவர்கள்மீது பரிவு போன்ற உணர்வுகள் கூடியதாகவும் அவர்கள் சொன்னார்கள்.

கையால் செய்வதற்கும் பலன் உண்டு. அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, காகிதம் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யச் சொன்னார்கள். சுமார் முக்கால்வாசிப் பேருக்கு 'கார்டிசால்' என்ற மன அழுத்த ஹார்மோன் அளவு குறைந்தது. கலை தெரிந்தவரா தெரியாதவரா என்பது இதில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

இரண்டுமே சிறிய ஆய்வுகள். இதை வைத்து "வரைந்தால் கவலை போகும்" என்று யாராவது உங்களுக்கு ஆன்லைன் கோர்ஸ் விற்றால் வாங்காதீர்கள். தீராத மனச்சோர்வு இருந்தால் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். நோட்டுப் புத்தகம் அதற்கு மாற்று அல்ல.

எங்கிருந்து தொடங்குவது?

நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். சரிப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

*ஒரே ஒரு விஷயம்.* ஒரு நாளைக்கு ஒன்று. மாடியில் காயும் வற்றல், பக்கத்து வீட்டுக் கோலம், மழைக்குப் பிறகு சுவரில் ஏறும் நத்தை. பெரிதாகத் தேட வேண்டாம்.

*வரையத் தெரியாதா? எழுதுங்கள்.* ரோசா ஒட்டினார், பாரதி எழுதினார். நாலு வரி போதும். ஆனால் 'அழகாக இருந்தது' என்று எழுதாதீர்கள். என்ன நிறம், எத்தனை கால், எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதுங்கள்.

*தேதியும் இடமும் போடுங்கள்.* இது ரோசாவிடம் கற்றுக்கொண்டது. அன்று வேறு என்ன நடந்தது என்றும் ஒரு வரி. என் நோட்டில் "மீன்கொத்தி" என்பதற்குக் கீழே அந்த விபத்தின் பெயரும் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நடந்தவை. ஒன்றை எழுத இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

*பகிர்வது கட்டாயமில்லை.* லைக் வருமா என்ற யோசனை வந்தால் கண் வேறு பக்கம் போய்விடுகிறது.

*உதவ முடிந்தால் முதலில் உதவி.* ரத்தம் தேவை என்று மெசேஜ் வந்திருக்கும்போது நோட்டை மூடிவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும். வரைவது அதற்குப் பதில் ஆகாது.

1918 நவம்பர்

மூவர் கதையும் ஒரே மாதத்தில் வந்து சேர்கிறது. நவம்பர் இரண்டாவது வாரத்தில் பிரெஸ்லாவ் சிறையிலிருந்து ரோசா விடுதலை ஆனார். 12ஆம் தேதி மோனே அந்தக் கடிதத்தை எழுதினார். 20ஆம் தேதி, புதுச்சேரியைவிட்டுக் கிளம்பிய பாரதி கடலூர் அருகே கைது செய்யப்பட்டுச் சில வாரங்கள் சிறையில் இருந்தார்.

யாருக்கும் சுபமான முடிவு இல்லை. 1919 ஜனவரி 15 அன்று ரோசா பெர்லினில் அடித்துச் சுடப்பட்டு, கால்வாயில் வீசப்பட்டார். பாரதி 1921 செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே போய்விட்டார். 'குயில் பாட்டு' நூலாக வந்தது அவர் மறைவுக்குப் பிறகு. மோனே பாதி தெரியாத கண்ணோடு, 1923இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கடைசிவரை அந்த ஓவியங்களைத் திருத்திக்கொண்டே இருந்தார். பூவும் குயிலும் அவர்களை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை.

ஆனால் நூறு வருஷம் கழித்து நமக்கு வந்து சேர்ந்திருப்பவை அவைதான். அன்றைய தலைப்புச் செய்திகளை வரலாற்று மாணவர்கள் தேடிப் படிக்கிறார்கள். அந்த நீள்வட்ட அறைகளில் இன்றும் மக்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வார்சாவில் அந்த இலைகள் நோட்டோடு ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. குயிலை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம்.

நண்பருக்குப் பிறகு பதில் அனுப்பினேன். "முக்கியம்தான்னு நினைக்கிறேன். நேர்ல சொல்றேன்." அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் சந்தித்தோம். பேசி முடிப்பதற்குள் அவர் பேச்சை நிறுத்திவிட்டு மேலே கையைக் காட்டினார். மீன்கொத்தி அதே வயரில் உட்கார்ந்திருந்தது. "இங்க தண்ணியே இல்லையே, எதைத் தின்னும்?" என்று கேட்டார்.

அன்று இரவு படித்துப் பார்த்தேன். இந்த வகை மீன்கொத்திக்குத் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லையாம். பல்லி, ஓணான், வெட்டுக்கிளி என்று கிடைப்பதைத் தின்று ஊருக்குள்ளேயே வாழ்ந்துவிடும். அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.